விடுபட்ட ஒரு சொல்

பத்திரிகையில் பக்க வடிவமைப்பு என் பொறுப்பில் இருந்த காலம். ஒரு மருந்து விளம்பரத்தைச் செய்தியின் எழுத்திலேயே, செய்திகளுக்கு நடுவே அச்சிட்டோம். மேலே இடவேண்டிய ‘விளம்பரம்’ என்ற சொல் விடுபட்டுவிட்டது. சில நாட்களில் முதியவர் ஒருவர் அந்தத் துண்டை வெட்டியெடுத்துக்கொண்டு காரியாலயத்திற்கு வந்தார். “தம்பி, நீங்கள் எழுதியதென்று நம்பித்தான் வாங்கினேன்” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

கூகிளின் அட்சென்ஸ் சேவை 2003இல் தொடங்கியது. தமிழ்ப் பக்கங்களுக்கு 2018இல்தான் வந்தது. அவ்விளம்பரங்களை என் இணையத்தளத்தில் இட முனைந்தபோது அம்முதியவரின் முகமே முன்னால் நின்றது.

விளம்பரத்தின் பின்னணி நிறத்தையும் எழுத்தின் நிறத்தையும் பக்கத்தோடு இசைய வைக்கலாம், அதற்குத் தடையில்லை. வெண்மையான பக்கத்தில் கண்ணை உறுத்தும் சிவப்புப் பெட்டி எதற்கு? ஆனால், உள்ளடக்கம் எது, விளம்பரம் எது என்று பிரித்தறிய முடியாதபடி அமைப்பதை விதிகள் அனுமதிப்பதில்லை. விளம்பரத்தை ஒட்டிப் படங்களை வரிசையாக வைத்து இரண்டும் ஒன்றெனக் காட்டுவது தவறு. ‘பயனுள்ள இணைப்புகள்’ போன்ற தலைப்பை மேலே இடுவதும், சொடுக்குமாறு வாசகரை வேண்டுவதும் தவறே. பட்டியல் பொத்தான்களுக்கு மிக அருகே வைத்தால் கைதவறிய சொடுக்குகள் விழும்; அதுவும் கூடாது.

நான் நிறத்தை இசையவைத்தேன். சுற்றிலும் வெற்றிடம் விட்டேன். ‘விளம்பரம்’ என்ற சொல் இருக்கிறதா என்று இருமுறை பார்த்த பின்னரே பக்கத்தை வெளியிட்டேன்.