எங்கட கெப்பும் ஒரு லொக்கரும்

எங்கட வீட்டு கெப் எங்கள் இரண்டு பேரையும் விட மூத்தது. தொண்ணூறுகளில் வந்த ரொயோட்டா ஹைலக்ஸ், 2.8 டீசல் எஞ்சின், மனுவல் கியர். அப்பா வாங்கியது. அவர் போனபிறகு அண்ணன் தம்பி நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி ஓடுகிறோம். உர மூட்டை, நெல்லு மூட்டை, அம்மாவின் கிளினிக், ஊரில் ஆருக்கும் கலியாணம் என்றால் கதிரை ஏத்துறது, எல்லாத்துக்கும் அது ஒன்றுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினபிறகு நல்ல விலைக்குக் கேட்டு வந்தார்கள். வித்தால் திரும்ப வாங்கேலாது என்று அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டா.

வயலுக்குப் போற வழிதான் பிரச்சினை. ஒட்டுசுட்டான் பக்கம் காலபோக மழையில் வாய்க்கால் கரைப் பாதை எப்படி இருக்கும் என்று வன்னிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கச் சில்லு சேத்துக்குள் இறங்கினால் அது மட்டும் சுத்தும். மற்றது கெட்டி நிலத்தில் சும்மா நிக்கும். நாலு சில்லும் இழுக்கிற வண்டிதானே என்று கேட்பீர்கள். முன் அச்சிலும் இதே கதைதான். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று சுத்த, மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும்.

இதுக்குக் காரணம் டிபரன்சல். வளைவில் வெளிச் சில்லு உள்சில்லை விடக் கூடத் தூரம் ஓட வேணும். அதுக்கு இடம் விடத்தான் அதை வைத்திருக்கிறார்கள். ஆனால் அது இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் பிரித்துக் கொடுக்கும். சேத்தில் நிக்கிற சில்லு எவ்வளவு தாங்குதோ, கெட்டி நிலத்தில் நிக்கிறதுக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். ரக்டர் ஓடினவர்களுக்கு இது தெரியும். மெசி பெர்குசனில் வலது குதிக்காலுக்குக் கிட்ட ஒரு சின்ன மிதி இருக்கும். புதைந்தால் அதை மிதிக்க இரண்டு பின்சில்லும் ஒன்றாய்ப் பூட்டுப்படும். வெளியே வந்ததும் காலை எடுத்துவிட வேணும், இல்லாட்டில் திரும்பாது. அப்பா எங்களுக்கு ரக்டர் பழக்கும்போது முதலில் சொல்லித் தந்தது அந்த மிதியைத்தான்.

எங்களுக்குக் கிடைத்தது மிதி இல்லாத பூட்டு. ஒஸ்ரேலியாவில் இருக்கிற சித்தப்பா வரும்போது சூட்கேசுக்குள் உடுப்புகளுக்கு நடுவில் சுத்திக் கொண்டுவந்தார். (சொக்லேட் எதிர்பார்த்த மருமக்கள் முகத்தைப் பார்த்திருக்க வேணும்.) பழைய டிபரன்சல் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கிற சின்னப் பல்சில்லுகளை மட்டும் எடுத்துவிட்டு இதைப் போடலாம். ஒன்றையொன்று பார்த்தபடி பல்லு வைத்த துண்டுகள், நடுவில் ஒரு குறுக்குத்தண்டு. எஞ்சின் விசை வரும்போது அந்தத் தண்டு துண்டுகளை இரண்டு பக்கமும் நெருக்கிப் பல்லுக்குள் பல்லைப் பூட்டும். வளைவில் வெளிச் சில்லை றோட்டே பிடித்து வேகமாய்ச் சுத்தினால், அந்தப் பக்கப் பல்லு மட்டும் வழுக்கி ஏறிக் கழரும். அப்போது டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். சைக்கிள் பிரீவீல் மாதிரி, ஆனால் இரும்புக்கடைக்குள் வைத்த பிரீவீல்.

கராஜ்காரர் ஐயா ஒரு நாள் முழுக்க இருந்து, இடைவெளியைத் தகடு வைத்து அளந்து அளந்து போட்டார். போட்டு முடிய அவர் சொன்னது இரண்டு விசயம். "பின் ரயர் ரெண்டும் ஒரே சைஸ், ஒரே தேய்மானம், ஒரே காத்து. ஒண்டைப் புதுசு மற்றதைப் பழசெண்டு போட்டியள் எண்டால் நேர் றோட்டிலயும் இது சண்டை பிடிக்கும். மற்றது, ஒரு சில்லை மட்டும் ஜாக்கில தூக்கிப்போட்டு கியர் போட்டுப் பாக்காதேங்கோ. கீழ நிக்கிற சில்லு வண்டியை இழுத்துக்கொண்டு போயிடும்."

அந்தக் காலபோகத்தில் நாங்கள் ராசாக்கள். வருசா வருசம் ரக்டரைக் கூப்பிட்டுக் கயிறு கட்டுகிற இடத்தில், முன்னச்சைப் பூட்டாமலே இரண்டாம் கியரில் ஏறி வந்தோம். பக்கத்து வயல்காரர் இறங்கிவந்து சில்லுக்குக் கீழே குனிந்து பார்த்தார். எங்களுக்கு அந்தக் குனிவு போதும்.

தார் றோட்டில்தான் குணம் தெரிந்தது. சந்தியில் மெதுவாய்த் திரும்பும்போது காலை அழுத்தினால் உள்ரயர் கீச்சென்று அழும். வளைவின் நடுவில் அக்சிலேட்டரை எடுத்துத் திரும்பக் கொடுத்தால் பின்பக்கம் டங் என்று ஒரு அடி. நேர் றோட்டில்கூடக் காலை எடுக்க ஒரு பக்கம், கொடுக்க மறுபக்கம் என்று கொஞ்சம் தள்ளாடும். நாங்கள் சிரித்துக்கொண்டு பழகிவிட்டோம் என்று நினைத்தோம்.

மார்கழியில் ஒரு விடியக்காலை, நல்ல மழை, அம்மாவைக் கிளினிக்குக்கு ஏத்திக்கொண்டு மாங்குளம் பக்கம் ஏ34 வீதியில் போனோம். பின்பெட்டி வெறுமை. ஸ்ரியரிங்கில் இருந்தது எங்களில் ஒருத்தர். ஆர் என்று எழுதுறதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம். பிந்திப்போச்சு என்று வளைவுக்குள்ளேயே மூன்றாம் கியரில் காலை அழுத்தினோம். சாதாரண டிபரன்சல் என்றால் உள்சில்லு மட்டும் கொஞ்சம் சுத்தியிருக்கும், வெளிச் சில்லு பின்பக்கத்தைப் பிடித்திருக்கும். இங்கே இரண்டும் பூட்டுப்பட்டு இரண்டும் ஒரேயடியாய் வழுக்கின. பின்பக்கம் வெளியே எறிந்து, வண்டி எதிர்ப்பக்கம் போய், குறுக்காய் நின்றது. ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போய் ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

அம்மா கத்தவில்லை. கைப்பையைத் திறந்து கிளினிக் கொப்பி நனைந்துபோச்சோ என்று பார்த்தா. திரும்பி வந்தபிறகு, அடுத்தமுறை தான் பஸ்ஸில் போறதாய்ச் சொன்னா. சொன்னபடி போனா. விடிய எழும்பி, குடையும் கொப்பியுமாய்ச் சந்திவரை நடந்து. வீட்டு முற்றத்தில் கெப் நிக்கும். எங்களோடு அவ கோவமும் இல்லை, அதுதான் தாங்கேலாமல் இருந்தது.

கழட்டுவோம் என்று கராஜுக்குப் போனோம். ஐயா முழுக்கக் கேட்டார். "சாமானைக் குற்றம் சொல்லாதேங்கோ தம்பியவை. ரக்டரில வளைவுக்கு முன்னம் மிதியில இருந்து காலை எடுப்பியளோ இல்லையோ? இதில மிதி உங்கட வலது கால்தான்." பட்டனை அமத்திப் பூட்டுகிற லொக்கர்களும் இருக்கு. றோட்டில் சாதாரண டிபரன்சல், சேத்தில் பூட்டு. அன்றாடம் ஓடுகிற வண்டிக்கு அதுதான் சரி என்பது எங்கள் அபிப்பிராயமும்கூட. காத்து அமத்திற கொம்பிரசர், வயர், குழாய் என்று அதன் செலவு எங்களுக்குக் கட்டாது. இதைக் கழட்டினாலோ வயல் வழி திரும்பக் கயிறுதான்.

அதனால் ஓட்டத்தைத் திரும்பப் பழகினோம். வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்து, கியரை மாத்தி, வளைவுக்குள் கால் பட்டும் படாமலும், றோட்டு நிமிர்ந்தபிறகுதான் அழுத்துறது. மழையில் இன்னும் ஒருபடி குறைவு. வெறும் பெட்டியோடு தூரம் போறதென்றால் பின்னச்சுக்கு மேலே நாலு மூட்டையைப் போட்டுக் கட்டுகிறோம், பாரம் இருந்தால் சில்லு இலேசில் வழுக்காது. பின் ரயரைச் சோடியாய்த்தான் மாத்துகிறோம், அது காசுக்கு நோகத்தான் செய்யுது. அரை அச்சு முறியுமோ என்ற பயமும் இருக்கு. முழு விசையும் சில நேரம் ஒரே அச்சில் வந்து நிக்கும் என்பதால் புதைந்த இடத்தில் உறுமவிட்டுப் பாயவைக்கிற பழக்கத்தையும் விட்டோம்.

பங்குனியில் ஒரு நாள் பஸ் வரவில்லை. அம்மா சந்தியிலிருந்து திரும்பி நடந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் முன்சீற்றில் ஏறி இருந்தா. வழியெல்லாம் நாங்கள் வாய் திறக்கவில்லை. அந்த வளைவு வந்தது. காலை எடுத்தோம். பின்னால் டிக், டிக், டிக்.

"இதென்ன சத்தம்?"

"கழண்டு குடுக்குதம்மா. பூட்டுப்பட்டிருந்தால் சத்தம் வராது."

அம்மா கொஞ்சநேரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தா. இப்போது ஒவ்வொரு வளைவிலும் சத்தம் வருதோ என்று பார்க்கிறா. வராட்டில் எங்கட முழங்காலில் ஒரு தட்டு.