மீனும் மீன் இருந்த இடமும்

சிம்மக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டுக் கேட்டுப் பத்து நிமிஷம் நடந்தேன். வழியில் ஸ்டேஷனரி கடையில் விலை விசாரித்தேன்: வண்ணத்தாள் ஒன்று 3 ரூபாய், நுனி மழுங்கிய கத்தரிக்கோல் 40. நான் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு ஒரு வீட்டின் இரண்டாம் மாடியில். படியேறும்போதே பசை வாடை.

பாயில் 14 பிள்ளைகள். அன்றைக்குப் பாடம் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ். 1941-ல் வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை ஆனபின் அவரால் முன்போல் நின்று வரைய முடியவில்லை. உதவியாளர்கள் தாளில் வண்ணம் பூசிக் கொடுக்க, உட்கார்ந்தபடியே கத்தரித்தார். வெட்டியதைக் குண்டூசியால் சுவரில் குத்தச் சொல்லி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். டீச்சர் இதைக் கதையாகச் சொன்னார்.

பிறகு 1953-ல் அவர் செய்த 'நத்தை'யைப் போனில் காட்டினார். வெறும் வண்ணக் கட்டங்கள்.

"இதுல நத்தை எங்க மிஸ்?"

"விரலை வச்சு சுத்திப் பாரு."

பையனின் விரல் சுழன்றது, முகம் மலர்ந்தது. அசல் படம் ஒன்பதடிக்கு மேல் உயரம் என்றதும் எல்லோரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"பென்சில் கிடையாது சார். அவங்க இஷ்டத்துக்குத்தான் வெட்டுவாங்க" என்றார் டீச்சர். பிள்ளைகள் வெட்டத் தொடங்கி அரை மணி கழித்து எண்ணினேன். 11 பேர் வெட்டியது ஒரே இலை, சுவரில் ஒட்டியிருந்த மத்தீஸ் படத்தின் இலை. ஒருவன் பாய்க்கு அடியில் பென்சிலும் வைத்திருந்தான். சொன்னேன். டீச்சர் சிரித்துக்கொண்டே படத்தைக் கழற்றிவிட்டார்.

மூலையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நீலத்தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். விளிம்பெல்லாம் பல்பல்லாக வந்தது. "கத்தரியத் திருப்பாத பாப்பா, தாளைத் திருப்பு" என்றார் டீச்சர். அடுத்த மீன் வழுவழுவென்று வளைந்து வந்தது. மீனை மஞ்சள் அட்டையில் வைத்தாள். மிஞ்சிய நீலத்தாள் ஃபேன் காற்றில் பறந்து பக்கத்திலேயே விழுந்தது. அதன் ஓட்டை வழியே இன்னொரு மீன், மஞ்சளாக. கொஞ்சநேரம் பார்த்தாள். எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள். பசையைத் தொடாமல் இரண்டையும் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தாள். மிஞ்சிய தாளும் ஒரு மீன்தான் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு விளக்குமாறு வந்தது. வீட்டில் பிள்ளைகளுக்கு இப்படித் தாள் வெட்டச் சொல்லித்தர நினைப்பவர்கள், மாதிரிப் படத்தைக் கண்ணெதிரே மாட்டாதீர்கள். மிஞ்சிய துண்டுகளையும் உடனே கூட்டித் தள்ளிவிடாதீர்கள்.