தலைநகரில் ஒரு பெயரைத் தேடி

தலைநகரை அடுத்த ஃபரீதாபாத்தில் நாங்கள் குடியேறி 14 ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் டெல்லியைச் சுற்றிக்காட்டுவது என் பொறுப்பாகவே இருந்து வந்தது. அதனால் இந்நகரத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம் உள்ளூர இருந்தது. வீட்டையும் ஆடுகளையும் விட்டு வர மனமில்லாத என் தாயார், திருநெல்வேலியிலிருந்து திருக்குறள் விரைவு வண்டியில் இரண்டு இரவுகள் பயணம் செய்து ஒரு பிப்ரவரி மாதம் முதன்முறையாக வந்தபோது அந்த எண்ணம் கலைந்தது.

ஞாயிறு காலை ஆராதனை இருந்தபடியால் சனிக்கிழமையையே ஊர் பார்க்க வைத்துக்கொண்டோம். ஃபரீதாபாத்திலிருந்து ஊதா நிற மெட்ரோவில் ஏறினால் எங்கும் மாறாமல் செங்கோட்டை வாசலிலேயே இறங்கலாம். முதியோரை அழைத்துவருகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஷாஜகான் 1639இல் கட்டத் தொடங்கி 1648இல் முடித்த கோட்டை அது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறவாதீர்கள். லாகூர் வாயிலைக் கடந்ததும் வரும் கூரையிட்ட கடைவீதியில் பிள்ளைகள் வளையலும் விசிறியும் வாங்கினார்கள். பளிங்கு மண்டபங்களையெல்லாம் பார்த்து முடித்த அம்மா, "இத்தனையையும் யாரு பெருக்கியிருப்பா?" என்று மட்டும் கேட்டார்கள். எனக்குச் சற்று ஏமாற்றந்தான்.

பிற்பகலில் இந்தியா கேட் சென்றோம். ராஜபாதை என்று நாம் அறிந்திருந்த சாலைக்கு 2022இல் கர்த்தவ்ய பாதை என்று பெயர் மாற்றினார்கள். 42 மீட்டர் உயரமுள்ள அவ்வளைவின் முன் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, அம்மா மட்டும் சுவரில் உள்ள எழுத்துகளை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். காரணம் கேட்டேன்.

"எங்க அண்ணன் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு மக்கா?"

என் தாய்மாமன் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி பெற்று, 1971 டிசம்பர் போரில் மேற்கு எல்லையில் மாண்டவர். அப்போது அம்மாவுக்குப் பத்து வயது. தந்தி வந்தது, உடல் வரவில்லை. போரில் விழுந்தவர்களுடைய பெயர்களையெல்லாம் டெல்லியில் பெரிய வாசல் ஒன்றில் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவர் சொன்னாராம். அந்தச் சொல்லை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக மனதில் வைத்திருந்து, அதற்காகவே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். அவ்வாசலை இருபது தடவையாவது பார்த்தவன் நான். ஒருநாளும் மாமாவை நினைத்ததில்லை.

உண்மையைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. இந்தியா கேட் ஆங்கிலேயர் கட்டியது. 1921இல் அடிக்கல் நாட்டி, 1931இல் திறந்தார்கள். அதில் உள்ள பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கானியப் போரிலும் இறந்தவர்களுடையவை. 1971 போர் வீரர்களை நினைத்து 1972 ஜனவரி 26 முதல் இவ்வளைவின் கீழ் ஒரு ஜோதி எரிந்தது. ஆனால் அங்கே பெயர்கள் இல்லை. அந்த ஜோதியையும் 2022 ஜனவரியில் வேறிடத்துச் சுடருடன் சேர்த்துவிட்டார்கள்.

"அப்போ அண்ணன் பேரு எங்கயும் இல்லையா?" என்றார்கள்.

"அந்தச் சுடர் இருக்கிற இடத்துக்குப் போவோமே" என்றவள் என் மனைவி. இந்தியா கேட்டுக்குப் பின்புறமே, நடக்கும் தூரத்தில், தேசியப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 25இல் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஊருக்கெல்லாம் வழிகாட்டிய நான் அதனுள் கால் வைத்ததே இல்லை!

நடுவில் உயர்ந்த தூணும் அதனடியில் சுடரும். சுற்றிலும் வட்டம் வட்டமாய்ச் சுவர்கள். சுதந்திரத்துக்குப் பின் போரிலும் பணியிலும் உயிர்நீத்த இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள், ஆளுக்கொரு கருங்கல்லாக அச்சுவர்களில் பதிக்கப்பட்டுள்ளன. பெயரைத் தேடித் தொடுதிரை ஒன்றில் என் மகள் நான்கு விதமாக எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். நம்முடைய பெயர்களும் தலைப்பெழுத்தும் வடக்கே படும் பாடு உங்களுக்குத் தெரிந்ததே. கிடைக்கவில்லை. அங்கே காவலிருந்த வீரர் ஒருவர், படை எண் தெரியுமா என்று இந்தியில் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா தயங்காமல் ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார்கள். மகனை இழந்த என் பாட்டிக்கு வந்த ஓய்வூதியப் புத்தகத்தை அஞ்சலகத்துக்கு எடுத்துச் சென்று வந்தது, சிறுமியாயிருந்த அம்மாதானாம். என் மனைவி அதை இந்தியில் சொல்ல, அவ்வீரர் தேடிச் சுவரின் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார்.

கல் அம்மாவின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. தமிழில் எழுதப்படாததால் அவர்களுக்கு வாசிக்கவும் இயலவில்லை. என் மகன் வாசித்தான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். பிறகு, "நீ தொடு ராசா" என்றார்கள். அவன் குதிகாலை உயர்த்தி நின்று, எழுத்துகளின்மேல் விரலை வைத்தான். அவனுடைய மறு கையை அம்மா பிடித்துக்கொண்டார்கள். நாங்கள் சற்று விலகி நின்றோம்.

இருட்டும் வேளையில் கான் மார்க்கெட் நிலையத்தில் ரயில் ஏறினோம். மாமா பனையேறி விழுந்த கதையும், விடுப்பில் வந்தபோது தகரப்பெட்டி நிறைய பிஸ்கட் கொண்டுவந்த கதையும் அன்றுதான் வெளிவந்தன. நானும் அவற்றை முதன்முறையாகக் கேட்டேன். பழைய ஃபரீதாபாத்தில் இறங்க வேண்டிய நாங்கள், கதை கேட்டபடியே கடைசி நிலையமான பல்லப்கர் வரை போய்விட்டோம்.