புதுச் சைக்கிளில் ஒரு கோடு



மகனுக்கு எடுத்த காபன் சைக்கிளின் கீழ்க்குழாயில் மயிர் போல ஒரு கோடு. அது வார்னிஷில் மட்டுமா, உள்ளே காபனிலுமா என்பதுதான் கேள்வி. இரும்பு வளைந்து முன்கூட்டியே காட்டித் தரும். காபன் திடீரென்று உடையும். ஓடுவது பிள்ளை.

வீட்டில் பார்க்கக்கூடியது இதுதான். துடைத்துவிட்டு நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நகம் மாட்டுதா என்று தடவுங்கள். நாணயத்தால் மெல்லத் தட்டுங்கள். அந்த இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக இருந்தால் ஓட வேண்டாம். கோட்டின் இரு நுனியிலும் பேனையால் குறியிட்டுப் படமெடுத்து வையுங்கள். மணல்தாள் பிடிக்காதீர்கள், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது, பிறகு திருப்பிக் கொடுக்கவும் ஏலாது.

எங்களுடையது வார்னிஷ் போலத்தான் தெரிந்தது. "வெடிப்பு என்று சொன்னா கூடக் கழிப்பாங்களே வாப்பா" என்றான் மகன்.

நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸைக் கடைக்காரர்களுக்குத்தான் நாம் அதிகம் சொல்கிறோம். குறையை மறைப்பது விற்பவருக்குக் கூடாது என்றால், இல்லாத குறையைச் சொல்வது வாங்குபவருக்கும் கூடாதுதானே?

உள்ளதைக் காட்டினோம். கடைக்காரரும் விளக்கடித்துப் பார்த்து, வார்னிஷ்தான் என்றார். சிறிய கழிவு தந்தார். கோடு நீண்டால் மாற்றித் தருவதாகப் பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்கிக்கொண்டோம். நீங்களும் வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள்.