கைதட்டல் இல்லாத ஓட்டம்

1924-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் எரிக் லிடெலுக்குத்தான் என்று பிரிட்டனில் பலரும் நம்பியிருந்தார்கள். வயது 22. சீனாவில் மிஷனரிகளாக இருந்த ஸ்காட்லாந்து தம்பதியின் மகன். எடின்பரோ பல்கலைக்கழக மாணவர்.

போட்டி அட்டவணை வந்தது. 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை! அது ஆண்டவருக்கு உரிய நாள், அன்று விளையாடுவதில்லை என்று சிறுவயதிலிருந்தே இருந்தவர் லிடெல். "ஓட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதே காரணத்தால் இரண்டு தொடர் ஓட்டங்களையும் விட்டுக்கொடுத்தார்.

1981-ல் வெளிவந்து ஆஸ்கர் வென்ற 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில், பாரீஸுக்குப் புறப்படும்போதுதான் அவருக்கு இந்த விஷயம் தெரியவரும். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். அத்தனை மாதங்களும் வற்புறுத்தலையும் ஏச்சையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. நாட்டைவிட உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிதா என்ற கேள்வி சாதாரணமானதா என்ன?

அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. தனக்கு அதிகம் பழக்கமில்லாத 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். ஜூலை 11 அன்று இறுதிப் போட்டி. ஆரம்பத்திலிருந்தே குறுந்தூர ஓட்டம்போலப் பாய்ந்து, 47.6 விநாடிகளில் ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார். ஏசிய ஊரே தோளில் தூக்கிக் கொண்டாடியது.

கதையை இங்கேயே முடித்து, 'கடவுளைக் கனப்படுத்தினார், கடவுள் தங்கம் கொடுத்தார்' என்று சொல்வது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஜெபம் செய்துவிட்டு ஓடித் தோற்றுப்போன பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? அதே ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் லிடெலே மூன்றாவதாகத்தான் வந்தார். பதக்கம்தான் கடவுளின் பாராட்டு என்றால், அன்று அவருக்குப் பாராட்டு குறைந்துபோனதா?

அவர் அப்படி நினைக்கவில்லை என்பது அடுத்த வருடமே தெரிந்தது. புகழின் உச்சியில் இருந்தவர், 1925-ல் மிஷனரியாகச் சீனாவுக்குத் திரும்பி, தியான்ஜின் நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியரானார். 1928 ஒலிம்பிக்கில் அவர் ஓடவில்லை.

போர் வந்தது. 1941-ல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. 1943-ல் ஜப்பானியர்கள் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு அவர் 'எரிக் மாமா'. பாடம் சொல்லிக்கொடுத்தார், விளையாட்டு நடத்தினார், உடைந்த ஹாக்கி மட்டைகளைத் துணி சுற்றிச் சரிசெய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடி, அது அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு மைதானத்தில் நடுவராக வந்து நின்றவர் லிடெல்! ஒலிம்பிக் தங்கத்துக்காகக்கூட ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்காத அதே மனிதர்.

கொள்கை மாறாதவர் என்ற பெயரும் ஒரு கைதட்டல்தான். அதைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்திருந்தால், அறைக்குள்ளேயே இருந்திருக்கலாம். பாரீஸில் ஊர் ஏசியபோது ஓடாமல் இருந்ததும், முகாமில் பிள்ளைகளுக்காக இறங்கி வந்ததும் ஒரே மனசுதான். இரண்டு இடத்திலும் 'மனிதர்கள் என்ன சொல்வார்கள்' என்று அவர் பார்க்கவில்லை.

1945 பிப்ரவரி 21 அன்று, மூளையில் வந்த கட்டியால் முகாமிலேயே இறந்தார். வயது 43. ஆகஸ்டில் முகாமுக்கு விடுதலை கிடைத்தது.

பள்ளி விளையாட்டு விழாவில் ஓடி முடித்த பிள்ளை, முதலில் அம்மா அப்பாவின் முகத்தைத்தான் தேடும். எத்தனையாவதாக வந்தாலும் அந்த முகம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும். கடவுளின் முகம் அப்படி மாறாதது என்று லிடெல் நம்பினார். அதனால்தான் தங்கம் வாங்கிய கையால் ஹாக்கி மட்டைக்குத் துணி சுற்றுவதில் அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.