தெரியாது எண்டு சொல்லத் தெரியாத புரோகிராம்

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு ஜாவா எதற்கு என்று எங்களிடம் கேட்காத ஆளில்லை. வரலாறு, புவியியலோடு கணினியையும் ஒரு பாடமாக எடுத்த நாலு பேர் நாங்கள். இந்த செமஸ்டரில் ஒரு செயற்றிட்டம் கேட்டார்கள். புத்தகம் இரவல் கொடுக்கிற புரோகிராம், கடை பில் போடுகிற புரோகிராம் எல்லாம் முந்தின பட்ச் செய்து முடித்துவிட்டது. "முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்லுற ஒண்டு செய்வம்" என்று தொடங்கினோம்.

கேட்கத்தான் பெரிய விசயம். நாங்கள் எழுதியது 200 வரிக்கும் குறைவு. கனமான வேலையை ஓபன்சீவி என்ற இலவச லைப்ரரி செய்கிறது. அதை ஜாவாவுக்குள் இருந்து கூப்பிட ஜாவாசீவி இருக்கிறது.

வேலை இரண்டு படி. முதலாவது, படத்தில் முகம் எங்கே என்று கண்டுபிடிப்பது. வயோலா, ஜோன்ஸ் என்ற இருவர் 2001 இல் சொன்ன முறை இதற்கு உதவுகிறது. கண் பகுதி கன்னத்தை விட இருட்டா, மூக்குத்தண்டு கண்களை விட வெளிச்சமா என்பது போன்ற சின்னக் கேள்விகளை அது படிப்படியாகக் கேட்டுக்கொண்டு போகும். ஒரு படியில் தவறினாலும் அந்த இடத்தை விட்டுவிடும்.

இரண்டாவது, அது யாருடைய முகம் என்பது. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள 8 புள்ளிகளோடு ஒப்பிட வேண்டும். பக்கத்துப் புள்ளி நடுப்புள்ளியை விட இருட்டென்றால் 0, இல்லாவிட்டால் 1. எட்டையும் சேர்த்தால் 0 முதல் 255 வரை ஓர் எண் வரும். முகத்தை 64 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எண் எத்தனை தரம் வந்தது என்று எண்ணினால், ஒரு முகம் 16,384 எண்களின் பட்டியலாகிவிடும். புதிதாக ஒரு முகம் வந்தால், கையில் இருக்கிற பட்டியல்களில் எது அதற்குக் கிட்ட நிற்கிறது என்று பார்க்கும். அவ்வளவுதான்.

ஆளுக்கு 20 படம் எடுத்துப் பழக்கினோம். எங்கள் நாலு பேரையும் சரியாகச் சொன்னது. அந்த நேரம் கன்டீன் ஐயா ரீ கொண்டு வந்தார். அவருடைய முகத்தைச் சுற்றியும் பச்சைக் கட்டம் விழுந்து, எங்களில் ஒருத்தனின் பெயர் வந்தது. "நான் எப்ப தம்பி கம்பஸ் எடுபட்டனான்?" என்று அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

பிறகு ஏன் என்று தேடினோம். இவ்வளவு தூரத்துக்கு மேல் போனால் 'ஆளில்லை' என்று சொல் என ஓர் எல்லையை நாங்கள் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் லைப்ரரி தானாக வைத்திருக்கும் எல்லை 309 இலக்கம் கொண்ட ஓர் எண். எந்த முகமும் அவ்வளவு தூரம் போகாது. ஆகவே உலகத்தில் யார் வந்து முன்னால் நின்றாலும் எங்கள் நாலு பேரில் ஒருத்தரின் பெயரைத்தான் அது சொல்லும்.

சரி, எல்லை வைப்பம் என்று பார்த்தால் எந்த எண்ணை வைப்பது? 60 என்று வைத்தால் கொரிடோர் வெளிச்சத்தில் எங்களையே தெரியாது என்கிறது. 90 என்று வைத்தால் ஐயா மறுபடி உள்ளே வருகிறார். இடையில் எங்கே நிற்பது என்பதற்குக் கணக்கு மட்டும் போதாது. யாருக்கு நடக்கிற பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று மனிசர்தான் முடிவெடுக்க வேண்டும்.

எங்களில் ஒருத்தி இதை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டாராம்: "அப்ப அது தலையாட்டி மாதிரியோ?"

எங்கள் வயதுக்கு அது கேள்விப்பட்ட சொல் மட்டும்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வடக்கு கிழக்கில் சுற்றிவளைப்பு நடந்தால் சனத்தை வரிசையாக விடுவார்கள். முகத்தை மூடிய ஒருவர் இருப்பார். அவருக்கு முன்னால் ஒவ்வொருவராகப் போக வேண்டும். அவர் தலையாட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். 1987-89 காலத்தில் தெற்கிலும் இது நடந்தது. சிங்களத்தில் 'கோனி பில்லா' என்பார்கள். அம்மா இன்னொன்றும் சொன்னார்: "அந்தாளும் பிடிபட்ட ஆள்தானே பிள்ளை. ஒருத்தரையும் காட்டாட்டித் தன்னை விடாங்கள் எண்டு தெரியும். ஆரையாவது காட்டத்தானே வேணும்."

புரோகிராமுக்குப் பயம் கிடையாது. ஆனால் 'தெரியாது' என்ற பதிலுக்கு இடம் கொடுக்காவிட்டால் அதுவும் யாரையாவது காட்டத்தான் செய்யும். 2020 ஜனவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் பொலிஸ் ரொபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவரை அவருடைய மனைவி, பிள்ளைகளின் கண்ணுக்கு முன்னால் கைது செய்தது. கடையில் கைக்கடிகாரம் திருடியவரின் மங்கலான கெமராப் படத்தோடு, இவருடைய பழைய சாரதி அனுமதிப்பத்திரப் படம் பொருந்துகிறது என்று கணினி சொல்லியிருந்தது. அவர் அந்த ஆளே இல்லை. ஏறத்தாழ 30 மணித்தியாலம் அடைபட்டுக் கிடந்தார். 2024 இல் வழக்கு இணக்கமாக முடிந்தபோது, முகப் பொருத்தத்தை மட்டும் வைத்து ஆளைக் கைது செய்வதில்லை என்று பொலிஸ் ஒத்துக்கொண்டது.

எங்கள் அறிக்கையில் அந்த எல்லைக்கே ஒரு முழுப் பக்கம் எழுதினோம். வைவாவில் "எத்தனை வீதம் சரியாச் சொல்லுது?" என்றுதான் முதலில் கேட்டார்கள். நாங்கள் இரண்டு எண் சொன்னோம். எங்களை எத்தனை தரம் தெரியாது என்றது, வெளியாளை எத்தனை தரம் எங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. நாளைக்கு உங்கள் வேலைத்தலத்திலோ விடுதி வாசலிலோ முகம் பார்க்கிற மெசின் ஒன்றைப் பூட்டினால், இரண்டாவது எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.