அந்தப் படத்தில் நானும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்

ஒவ்வொரு நவம்பரிலும் ஃபேஸ்புக் எனக்கு ஒரு பழைய படத்தை எடுத்துக் காட்டும். 2015இல் எடுத்தது. நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்தை ஒட்டிய ஸ்கெவனிங்கன் துறைமுகம். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். என் பக்கத்தில் ஒருவர். முகம் முழுக்கக் கறுப்புச் சாயம், தடித்த சிவப்பு உதடு, சுருட்டை முடி டோப்பா, காதில் தங்க நிற வளையம். இரண்டு பேரும் சிரிக்கிறோம்.

சமூகவியலில் முதுகலை முடித்து, சேரிப் பிள்ளைகளின் பள்ளி இடைநிற்றல் பற்றிக் களவேலை செய்துகொண்டிருந்த எனக்கு, ஓராண்டுப் படிப்புக்கான உதவித்தொகை கிடைத்தது. நான் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. "இன்றைக்குச் சின்டர்கிளாஸ் கப்பலில் வருகிறார், வா போகலாம்" என்று விடுதியில் இருந்தவர்கள் கூப்பிட்டார்கள். போனேன்.

சின்டர்கிளாஸ் என்பவர் புனித நிக்கோலஸ். வெள்ளைத் தாடி, சிவப்பு அங்கி, ஆயர் தொப்பி. நவம்பர் நடுவில் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வந்து இறங்குவதாகக் கதை. இறங்கியதும் வெள்ளைக் குதிரையில் ஊர்வலம் போவார். டிசம்பர் 5ஆம் தேதி மாலை குழந்தைகளுக்குப் பரிசு. அதற்கு முந்தைய இரவுகளில் பிள்ளைகள் குதிரைக்காக ஒரு கேரட்டைக் காலணிக்குள் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். பார்க்க அழகான விழாதான்.

ஆனால் குதிரையில் வருபவர் ஒருவர்தான். அவரைச் சுற்றி நடந்து, குட்டிக்கரணம் போட்டு, பட்டை கிராம்பு வாசனையுள்ள சின்ன பிஸ்கட்டுகளை வாரி இறைக்கிற வேலையாட்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பெயர் ஸ்வார்ட்ட பீட், அதாவது கறுப்பு பீட். வேடம் போடுகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். எனக்கும் ஒரு கை பிஸ்கட் கிடைத்தது. படம் எடுத்தேன், பதிவேற்றினேன்.

அடுத்த நாள் உணவகத்தில் என் வகுப்புத் தோழி எதிரில் வந்து உட்கார்ந்தாள். ராட்டர்டாமில் பிறந்தவள். அவளுடைய பெற்றோர் சுரினாமிலிருந்து வந்த கறுப்பினத்தவர்கள். "அந்தப் படத்தில் நீ யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று தெரியுமா?" என்று கேட்டாள். நான் விழித்தேன். அவள் தன் ஆரம்பப் பள்ளிக் கதையைச் சொன்னாள். நவம்பர் வந்தாலே வகுப்புப் பையன்கள் அவளை "பீட்" என்று கூப்பிடுவார்களாம். ஒருமுறை விழாவுக்கு வேடம் பிரித்தபோது, "உனக்குச் சாயமே வேண்டாம், செலவு மிச்சம்" என்று ஆசிரியர் சொல்ல, வகுப்பே சிரித்ததாம். அவளும் சேர்ந்து சிரித்தாளாம். அப்போது அவளுக்கு ஏழு வயது.

தோழர்களே, அதைக் கேட்டவுடன் என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியத்தை மறைக்காமல் சொல்கிறேன். "ஆனால் இது குழந்தைகள் பண்டிகைதானே? யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லையே?"

அவள் கோபப்படவில்லை. "உங்கள் ஊரில் உன்னிடம் இதே மாதிரி சொல்கிறவர்களுக்கு நீ என்ன பதில் சொல்வாய்?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் வரவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. அந்த வாக்கியத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டுவருகிறேன். இந்த முறை அதைச் சொன்னவள் நான்.

அன்றிலிருந்து நூலகத்தில் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆம்ஸ்டர்டாமில் பள்ளி ஆசிரியராக இருந்த யான் ஸ்கெங்க்மன் 1850இல் ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். புனித நிக்கோலஸும் அவருடைய வேலைக்காரனும் என்பது அதன் தலைப்பு. அந்த வேலைக்காரன் கறுப்பினத்தவன். இன்றைய விழாவின் நீராவிக் கப்பலும் அந்தப் புத்தகத்தில் இருந்ததுதான். 1850 என்ற ஆண்டை மனதில் வையுங்கள். டச்சுக் காலனியான சுரினாமின் கரும்புத் தோட்டங்களில் அப்போது அடிமை முறை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. அது ஒழிந்தது 1863 ஜூலை 1ஆம் தேதி. ஒழிந்தபோது அரசு இழப்பீடு கொடுத்தது யாருக்குத் தெரியுமா? ஓர் அடிமைக்கு 300 கில்டர் வீதம், உரிமையாளர்களுக்கு. விடுதலை பெற்றவர்களோ மேலும் 10 ஆண்டுகள் அரசின் கண்காணிப்பில் ஒப்பந்த வேலை செய்ய வேண்டியிருந்தது. அந்தக் காலத்துக் குழந்தைகளுக்குக் கிடைத்த கதைப் பாத்திரம்தான் எஜமானுக்குப் பின்னால் மூட்டை சுமந்து நடக்கும் கறுப்பன்.

விழாவை ஆதரிப்பவர்கள் சொல்கிற காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. அங்கே நான் பழகியவர்களில் நல்லவர்கள் பலர் அவற்றைச் சொன்னார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, "அது புகைக்கரி. பீட் புகைபோக்கி வழியாக இறங்கி வருகிறான்." சரி, கரி முகத்தில் ஒட்டும். உதட்டைத் தடித்த சிவப்பாக்குமா? முடியைச் சுருட்டிவிடுமா? காதில் வளையம் மாட்டுமா? பட்டுச் சட்டையில் மட்டும் ஏன் ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை?

இரண்டாவது, "இது மிகப் பழைய மரபு, கைவைக்கக் கூடாது." மரபு ஒருபோதும் அசையாமல் நின்றதில்லை. பிரம்பும் சாக்குப்பையும் வைத்து, அடங்காத பிள்ளைகளைப் பிடித்துப் போகிறவனாகப் பயமுறுத்திய பீட், பிறகு கோமாளியானான். ஒருவனாக இருந்தவன் ஒரு கூட்டமானான். கொச்சை டச்சு பேசியவன் பிறகு ஒழுங்காகப் பேசினான். இவ்வளவு மாறியபோது கலாச்சாரம் அழியவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் மாற்றச் சொன்னபோது மட்டும் அழிந்துவிடுகிறது.

மூன்றாவது, நான் சொன்ன அதே காரணம்: "எங்களுக்கு வெறுப்பு இல்லை." இதைத்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். சாயம் பூசுகிறவர்களில் பலருக்கு உண்மையிலேயே வெறுப்பு இல்லை. என்னோடு படத்தில் நிற்பவரும் அன்பான மனிதராகத்தான் இருந்திருப்பார். ஆனால் இனவெறி ஒருவருடைய மனசுக்குள் மட்டும் இருக்கிற சமாச்சாரம் இல்லை. யார் குதிரைமேல், யார் தரையில் என்பதை ஒரு தலைமுறைக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாட்டுக்கு வெறுப்பே தேவையில்லை. பழக்கம் போதும். அன்றாட வாழ்வின் சின்னச் சின்னச் செயல்களில் இனவெறி எப்படி இயங்குகிறது என்பதை பிலோமினா எஸ்ஸெட் 1980களிலேயே எழுதினார். தங்களை எப்போதும் குற்றமற்றவர்களாகவே நினைத்துக்கொள்ளும் டச்சு வெள்ளை மனநிலையை குளோரியா வெக்கர் 2016இல் தன் நூலில் பிரித்துக் காட்டினார். இருவரும் சுரினாம் வேர் கொண்ட கறுப்பினப் பெண்கள்.

ஆக, இந்த வழக்கம் இனவெறியா? ஆம். அந்தப் பதிலை எனக்கு இன்னும் உறுதியாக்கியது, கேள்வி கேட்டவர்களுக்கு அங்கே நடந்தது.

2011 நவம்பரில் டோர்ட்ரெக்ட் நகர ஊர்வலத்தில் குவின்சி காரியோ, ஜெரி அஃப்ரியீ என்ற இரு கலைஞர்கள், ஸ்வார்ட்ட பீட் இனவெறி என்று எழுதிய டி-ஷர்ட் போட்டு நின்றார்கள். அதற்காகப் போலீஸ் அவர்களை இழுத்துத் தரையில் தள்ளிக் கைது செய்தது. 2014இல் ஹௌடா நகரத்தில் 90 பேர் கைதானார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் இது கறுப்பின மக்களை இழிவாகச் சித்தரிக்கிறது என்றது. நவம்பரில் மேல் அமைப்பு, அனுமதி கொடுக்கும்போது இதையெல்லாம் பார்க்க மேயருக்கு அதிகாரமில்லை என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 2015இல் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு இழிவான அம்சங்களை நீக்கச் சொன்னது. 2017இல் டொக்கும் ஊருக்குப் பேருந்துகளில் போன போராட்டக்காரர்களை, ஆதரவாளர்கள் நெடுஞ்சாலையில் கார்களை நிறுத்தி மறித்தார்கள். அதற்காக 34 பேர் தண்டிக்கப்பட்டார்கள். 2022இல் ஸ்டாப்ஹோர்ஸ்ட் அருகே போராட்டக்காரர்களின் கார்கள் தாக்கப்பட்டன. குழந்தைகள் விழாவைக் காப்பாற்ற இவ்வளவு வன்முறை எதற்கு?

ஆனாலும் மாற்றம் வந்தது. 2019இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் தேசிய ஊர்வலத்தில் முழுக் கறுப்புச் சாயம் போய், கன்னத்தில் கரிக்கோடு போட்ட பீட்கள் மட்டும் வந்தார்கள். பல ஆண்டுகள் இந்த வழக்கத்துக்காகப் பேசிய பிரதமர் மார்க் ரூட்டே, 2020 ஜூனில் தன் எண்ணம் மாறிவிட்டது என்றார். சின்னக் குழந்தைகளே தன்னிடம் வந்து வலியைச் சொன்னதாகவும் சொன்னார். அந்தக் குழந்தைகள் அதற்கு முன்பும் இருந்தார்கள். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனேன். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கிய கல் நிற்கிறது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரையிலிருந்து துணி மட்டும் ஏற்றவில்லை. பழவேற்காடு, நாகப்பட்டினம் வழியாக ஆயிரக்கணக்கான மனிதர்களையும் அடிமைகளாகப் படேவியாவுக்கும் இலங்கைக்கும் ஏற்றியது. பஞ்ச காலத்தில் விற்கப்பட்டவர்கள் அவர்களில் ஏராளம். அவர்களுக்குக் கல்லறை எதுவும் இங்கே இல்லை. 2022 டிசம்பர் 19 அன்று ரூட்டே டச்சு அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டபோது, உலகெங்கும் அந்த அரசால் துன்பப்பட்ட அடிமைகள் எல்லோரையும் சேர்த்துத்தான் சொன்னார். அன்று இரவு நான் என் தோழிக்கு எழுதினேன். அந்த மன்னிப்பில் உன் பாட்டனும் இருக்கிறார், எங்கள் கடற்கரைக்காரர்களும் இருக்கிறார்கள் என்று. என்னுடைய மன்னிப்பையும் அதோடு சேர்த்துக் கேட்டேன். 2015இல் அவளிடம் அதைச் சரியாகக் கேட்டிருக்கவில்லை.

"அந்தப் படம் இன்னும் இருக்கிறதா?" என்று பதில் எழுதினாள். இருக்கிறது என்றேன். "அழிக்காதே. காட்டு" என்றாள்.

அதனால்தான் பயிற்சி முகாம்களில் உங்களைப் போன்ற மாணவர்களிடம் அதைக் காட்டுகிறேன். ஒடுக்கப்பட்டவர் என்பதாலேயே இன்னொருவருடைய வலி நமக்குத் தானாகத் தெரிந்துவிடாது. அம்பேத்கரைப் படித்திருந்தேன், களத்தில் வேலை செய்திருந்தேன். அப்படியும் ஒரு கை பிஸ்கட்டுக்கு முன்னால் எனக்குக் கண் தெரியவில்லை. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், எண்ணம் நல்லதா கெட்டதா என்ற விசாரணையைத் தொடங்குமுன், அவர் சொல்லி முடிக்கிறவரை கேளுங்கள். எனக்கு அதற்கு ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் போதுமானதாக இருந்தது. அவளோ அதைச் சொல்ல ஏழு வயதிலிருந்து காத்திருந்தாள்.